உண்டியும் கல்வியும்

கல்லூரியொன்றின் விழா மலரைப் புரட்டுவோர் அதன் வளர்ச்சியை உணர்த்தும் கணக்குகள் பலவற்றை அங்குக் காண்பர். எழுந்த மண்டபங்கள் எத்தனை, சர்வகலாசாலை புகுந்த மாணவர் எத்துணையர், விளையாட்டரங்கில் வென்ற கேடயங்கள் எவை என்பன முறையாகக் குறிக்கப்பட்டிருக்கும். அவை வேண்டற்பாலனவே. ஆயின் இத்தகைய மலர்களில் இடம்பெறாத கணக்கொன்று உண்டு. காலை மணி ஒலித்தபோது வெறுவயிற்றோடு வகுப்பில் அமர்ந்திருந்த மாணவர் எத்துணையர் என்பதே அது.

உணவு வீட்டின் பொறுப்பு, கல்வி பாடசாலையின் பொறுப்பு என நாம் இரண்டினையும் வேறு பிரித்து வைத்திருப்பதே அக்கணக்கு எழுதப்படாமைக்குக் காரணமாகும். அப்பிரிவு பொருந்துவதா என ஆராய்ந்து, பழைய மாணவராகிய நமக்கு அதனாற் பெறப்படும் கடமை யாதெனக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய தொடர்பு

கல்வியையும் உணவையும் ஒருங்கு வைத்து நோக்கியமை புதிதன்று. 1823 ஆம் ஆண்டு வட்டுக்கோட்டையிற் செமினரியை நிறுவிய அமெரிக்க மிஷனரிமார், மாணவரைத் தம் விடுதியில் இருத்தி உணவும் உடையும் உதவியே கற்பித்தனர். 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்த ஆறுமுக நாவலரே, 1877 ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணத்தைப் பஞ்சம் வருத்தியபோது கஞ்சித்தொட்டித் தருமத்தை முன்னின்று நடாத்தியவர். நூல் கொடுத்த கையே கஞ்சியும் வார்த்தது என்பது நம் கல்வி வரலாற்றில் மறக்கற்பாலதன்று.

மேலைநாட்டில் இத்தொடர்பு வேறு வகையாற் புலப்பட்டது. இங்கிலாந்தில் 1880 இல் ஆரம்பக் கல்வி கட்டாயமாக்கப்பட்டது. அதன்மேல் ஏழைச் சிறாரெல்லாம் ஆசிரியரின் கண்முன் வந்து அமர்ந்தனர். அதுகாறும் வீட்டு மூலையில் மறைந்திருந்த பசி வகுப்பறையில் வெளிப்பட்டது. தென்னாபிரிக்கப் போருக்குப் படையிற் சேர வந்த இளைஞர் பலர் உடல் வலியின்மையால் விலக்கப்பட்ட செய்தியும் அந்நாட்டாரை அச்சுறுத்தியது. இவற்றின் பயனாக 1906 இற் பாடசாலை உணவுச் சட்டம் நிறைவேறிற்று. அடுத்த ஆண்டில் பிராட்போர்ட் நகரில் நாற்பது சிறாருக்கு உணவளித்து அவர்தம் நிறையைக் குறித்து வந்தனர். உணவு கிடைத்த வாரங்களில் நிறை ஏறியது. விடுமுறை வந்து உணவு நின்றதும் இறங்கியது. பாடசாலை திறந்ததும் மீண்டும் ஏறியது. விடுமுறை என்பது எல்லாச் சிறாருக்கும் மகிழ்ச்சிக் காலமன்று என்பதை ஒரு தராசு உலகுக்கு உணர்த்தியது.

தமிழகத்தில், சென்னை மாநகராட்சி 1920 இல் ஆயிரம்விளக்குப் பகுதிப் பாடசாலையில் உணவளிக்கத் தொடங்கியது. 1956 இல் முதலமைச்சர் காமராசர் அதனை மாநிலம் தழுவிய மதிய உணவுத் திட்டமாக விரித்தார். 1982 இல் எம். ஜி. இராமச்சந்திரன் சத்துணவுத் திட்டமாகப் பெருக்கினார். 2022 செப்டெம்பரில் ஆரம்பப் பாடசாலைகளிற் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. மதிய உணவிலிருந்து காலை உணவுக்கு வந்த இம்மாற்றம் கருதத்தக்கது. மதிய உணவு பிள்ளையைப் பாடசாலைக்கு அழைத்து வருகிறது. அவன் உள்ளத்தைப் பாடத்துக்கு அழைத்து வருவதோ காலை உணவு.

மூளையும் உணவும்

இதற்குக் காரணம் உடலின் அமைப்பிலேயே உள்ளது. வளர்ந்தோர் உடலில் மூளையின் நிறை நூற்றில் இரண்டு பங்கேயாயினும், ஓய்ந்திருக்கும் வேளையில் உடல் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கை அது கொள்கிறது. சிறாரிடத்து இவ்விகிதம் மிகப் பெரிது. ஐந்து வயதளவில், உடல் நாள் முழுதும் செலவிடும் சக்தியில் ஐந்திலிரு பங்குக்கு மேல் மூளைக்கே செல்கிறது.

மூளை பெரிதும் வேண்டுவது குளுக்கோசு என்னும் வெல்லப் பொருள். உண்ணாத வேளையில் ஈரல் தன்னிடத்துள்ள சேமிப்பிலிருந்து அதனைக் குருதிக்கு விடுகின்றது. சிறுவனின் ஈரல் சிறிது. மூளையின் தேவையோ பெரிது. ஆதலின் அவனது சேமிப்பு விரைவிற் குறைகின்றது. இரவு 8 மணிக்கு உண்டவன் மறுநாட் காலை 10.30 மணி இடைவேளை வரை எதுவும் உண்ணானாயின், பதினான்கரை மணி நேரம் பட்டினி இருந்தவனாகின்றான். கணிதமும் மொழியும் காலைப் பாடவேளைகளிலேயே பெரும்பாலும் அமைவன. பிள்ளை கருத்து மிக வேண்டிய வேளையும், உடல் கருத்துக்கு இடங்கொடாத வேளையும் ஒன்றாகிவிடுகின்றன.

இருவகைப் பசி

பசி இருவகைப்படும். ஒன்று அன்றாடப் பசி. அதனைப் பிள்ளை தானே உணர்வான். மற்றது மறைபசி, அதனை அவனும் உணரான், பெற்றோரும் அறியார்.

மறைபசியுள் முதன்மையானது இரும்புச்சத்துக் குறைவு. குருதியிலுள்ள ஈமோகுளோபின் உடலெங்கும் ஒட்சிசனைக் கொண்டு செல்வது. அதன் ஆக்கத்துக்கு இரும்பு இன்றியமையாதது. 5 முதல் 11 வயது வரையுள்ள பிள்ளைக்கு 100 மில்லிலீற்றர் குருதியில் 11.5 கிராமுக்கும், 12 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைக்கு 12 கிராமுக்கும் ஈமோகுளோபின் குறையுமாயின் அது குருதிச்சோகை என உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது. இந்நிலையிலுள்ள மாணவன் நோயாளிபோற் படுத்துவிடுவதில்லை. வகுப்புக்கு வருவான், ஆனால் விரைவிற் களைப்பான், கேட்டதை மறப்பான், விளையாட்டில் ஒதுங்குவான். ஆசிரியர் அவனைச் சோம்பேறி என்பர். தந்தையாரும் அவ்வாறே கருதுவர். உடற்குறை ஒழுக்கக் குறையாக எண்ணப்பட்டு, மருந்து கிடைக்க வேண்டிய இடத்திற் பிரம்பு கிடைக்கிறது.

அயடீன் குறைவு பிறிதொன்று. தைரொயிட் சுரப்பி தன் தொழிலைச் செய்வதற்கு அயடீன் வேண்டும். தாய் கருவுற்றிருக்கும் காலத்தில் அது பெரிதுங் குறையின் பிறக்கும் பிள்ளையின் மூளை வளர்ச்சியே குன்றும். இலங்கையின் தென்மேற்குப் பகுதியிற் கண்டக்கழலை நெடுங்காலம் பரந்திருந்தது. 1995 இல் உப்புக்கு அயடீன் சேர்ப்பது சட்டமாக்கப்பட்ட பின்னரே அந்நிலை மாறியது. எளிய சமையலுப்பு ஒரு நாட்டின் அறிவைக் காத்தது எனின் மிகையாகாது.

இவ்விருவகைப் பசியும் ஒன்றையொன்று வளர்ப்பன என்பதை ஜமைக்கா நாட்டு ஆராய்ச்சியொன்று காட்டிற்று. 1989 இல் வெளியான அவ்வாராய்ச்சியில், ஒன்பது பத்து வயதுச் சிறார் தொண்ணூறு பேர், காலை உணவுண்ட ஒரு நாளும் உண்ணாத ஒரு நாளும் சோதிக்கப்பட்டனர். முன்னரே நன்கு உண்டு வளர்ந்தோருக்கு ஒரு வேளை உணவு தவறியதால் தீங்கு காணப்படவில்லை. வளர்ச்சி குன்றியோரும், சிறு வயதில் மிக மெலிந்திருந்தோரும் சில சோதனைகளிற் பின்னடைந்தனர். ஆகவே ஒரு வேளைப் பட்டினி எல்லாருக்கும் ஒரு தன்மையதன்று. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை காலையுணவை வேண்டாமென்று விட்டு வருதலும், இல்லாத வீட்டுப் பிள்ளை உண்ணாது வருதலும் வருகைப் பதிவேட்டில் ஒன்றுபோலத் தோன்றினும் கற்றலில் ஒன்றல்ல.

பசித்துப் படித்தோர்

இவ்விடத்து ஒரு தடை நிகழும். "நாங்கள் பசியோடு படித்தவர்கள். 1990 களிற் பொருட்டடை நிலவிய காலத்திலே குப்பி விளக்கில் இருந்து, கஞ்சி குடித்துப் படித்தே வைத்தியரும் பொறியியலாளருமானோம். ஊக்கமுள்ளவனைப் பசி தடுக்குமா?" என்று வினவுவோர் நம்முள் உளர். அவர் கூற்றில் உண்மையும் பெருமையும் உண்டு. ஆயினும் அதனை ஒரு பொது விதியாகக் கொள்ளலாமா என்பதை ஆராய்தல் வேண்டும். அதற்கு உதவுவது பாற்சோதனையொன்றின் கதை.

1930 ஆம் ஆண்டு ஸ்கொத்லாந்தின் லனார்க்ஷயர் மாவட்டத்தில் 20,000 சிறாரைக் கொண்டு பெரியதொரு சோதனை நடந்தது. 10,000 பேருக்கு நாடோறும் முக்காற் பைந்து பால் கொடுக்கப்பட்டது. ஏனைய 10,000 பேருக்குக் கொடுக்கப்படவில்லை. நான்கு மாதத்தின் பின் இரு சாராரின் உயரமும் நிறையும் ஒப்பு நோக்கப்பட்டன. அடுத்த ஆண்டு, 'மாணவன்' எனப் பொருள்படும் ஆங்கிலப் புனைபெயரில் எழுதிவந்த கொசெற் என்னும் புள்ளிவிபரவியல் அறிஞர் அச்சோதனையின் குறையொன்றை எடுத்துக் காட்டினார். எவரெவருக்குப் பால் என்பதைத் தெரிந்தபின் அத்தெரிவைச் சிறிது மாற்றியமைக்கும் உரிமை ஆசிரியருக்கு விடப்பட்டிருந்தது. இரக்கமுடைய ஆசிரியர்கள் மெலிந்த பிள்ளைகளைப் பால் பெறும் பக்கத்திற் சேர்த்துவிட்டனர் போலும். சோதனை தொடங்கும்போதே பால் பெறாத சாரார் உயரத்திலும் நிறையிலும் மேம்பட்டிருந்தனர். ஆகவே இரு சாராரையும் ஒப்பிட்டுப் பெற்ற முடிவு ஐயத்துக்கிடமாயிற்று.

அவ்வாசிரியரின் இரக்கம் போற்றத்தக்கது. ஆனால் ஒப்பிடப்படுவோர் எவ்வாறு தெரியப்பட்டனர் என்று பாராது முடிவு கூறலாகாது என்பது கொசெற் கற்பித்த பாடம். அப்பாடம் பழைய மாணவராகிய நமக்கும் உரியது. பசித்துப் படித்து உயர்ந்தோரே பழைய மாணவர் விருந்தில் அமர்ந்து தம் கதையைக் கூறுகின்றனர். அவரோடு ஒரே வாங்கில் இருந்து, அதே பசியால் எட்டாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ நின்றுவிட்டவர் அவ்விருந்துக்கு வருவதில்லை, மலரில் எழுதுவதுமில்லை. வந்தவரை மட்டும் எண்ணி, பசி ஒருவரையுந் தடுக்கவில்லை என்று முடிவு செய்தல், கரை சேர்ந்த தோணிகளை மட்டும் எண்ணிக் கடலில் புயலே இல்லை என்பது போலாகும்.

உணவு மட்டும் போதுமா?

உணவளித்தால் அறிவு தானே வளரும் என்பதும் பொருந்தாது. அதே ஜமைக்காவில் 1996 இல் வெளியான வேறோர் ஆராய்ச்சி நான்கு கிராமப் பாடசாலைகளிற் காலையுணவின் பின் மாணவர் நடத்தையை நோக்கியது. வகுப்பறைகள் செவ்வனே அமைந்திருந்த பாடசாலையில், உண்ட பிள்ளைகள் பாடத்தில் மிகுந்த கருத்தூன்றினர். ஒழுங்கும் வசதியும் குறைந்த ஏனைய பாடசாலைகளிலோ, உண்டதனாற் பெற்ற உற்சாகம் பேச்சாகவும் அமைதியின்மையாகவுஞ் சென்றது. உணவு பிள்ளைக்கு ஆற்றலைத் தருகின்றது. அவ்வாற்றலைக் கல்வியாக மாற்றுவது ஆசிரியர் தொழில். 1998 இல் வெளியான மூன்றாவது ஆராய்ச்சி, பதினாறு கிராமப் பாடசாலைகளில் ஓராண்டு காலையுணவு வழங்கியதனால் வரவு சிறிது கூடியதையும், கீழ்வகுப்புச் சிறாரின் கணித அறிவு முன்னேறியதையும் காட்டிற்று. பெரும் புதுமைகள் நிகழவில்லை. உண்மையான நன்மை நிகழ்ந்தது.

காலத்தின் எல்லையும் ஒன்றுண்டு. குவாத்தமாலா நாட்டின் நான்கு கிராமங்களில் 1969 முதல் 1977 வரை சிறு குழந்தைகளுக்குப் பானம் வழங்கினர். இரு கிராமங்களிற் புரதமும் சக்தியும் மிக்க கஞ்சி, மற்றை இரண்டிற் புரதமில்லாத இனிப்புப் பானம். பல்லாண்டு கழித்து அவர்களைத் தேடிக் கண்டபோது, குழந்தைப் பருவத்திற் கஞ்சி பெற்ற பெண்கள் ஏனையோரினும் ஒரு வகுப்புக்கு மேல் அதிகம் படித்திருந்தனர். மூன்று வயதுக்கு முன் அதனைப் பெற்ற ஆண்கள் மணித்தியால ஊதியத்தில் ஏறத்தாழ 46 வீதம் கூடுதலாக ஈட்டினர். கல்லூரியின் வாயிலுக்கு வருமுன்னரே கல்வியின் ஒரு பகுதி தீர்மானிக்கப்பட்டுவிடுகின்றது என்பது இதனாற் பெறப்படும். ஆயினும் சோர்வதற்கில்லை. இன்றைய மாணவன் நாளைய தந்தை. உணவின் இயல்பை அவன் இங்குக் கற்பானாயின், பாடசாலை எட்ட முடியாத அக்குழந்தைப் பருவத்தை அவன் வீடு எட்டும்.

நம் நாடும் நம் அடுக்களையும்

1931 முதல் 1947 வரை கல்வியமைச்சராயிருந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945 ஒக்டோபரில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1980 இற் பாடநூலும் 1993 இற் சீருடையும் இலவசமாயின. உணவு மட்டும் வந்தும் போயும் நின்றது. 1989 இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டம் நெடிது நீடிக்கவில்லை. பிற்காலத்தில் அது வேறு உருவில் மீண்டது. 2022 இற் பொருளாதார நெருக்கடி நேர்ந்து, அவ்வாண்டு செப்டெம்பரில் உணவுப் பொருள்களின் விலை ஓராண்டுக்கு முன்னிருந்ததினும் 90 வீதத்துக்கு மேல் ஏறி நின்றபோது, காலையில் ஒரு துண்டு பாணும் வாங்கவியலாத வீடுகள் பலவாயின. 2024 இல் ஆரம்ப வகுப்பு மாணவர் அனைவருக்கும் உணவளிக்க அரசாங்கம் முன்வந்தது. அது நன்றே. எனினும் ஆறாம் வகுப்புக்கு ஏறிய பிள்ளையின் பசி ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுவதில்லை. உடல் விரைந்து வளரும் பன்னிரண்டு முதற் பதினாறு வயது வரையே இரும்புச்சத்தும் புரதமும் மிக வேண்டப்படுங் காலமாகும்.

நல்லுணவு என்பது விலையுயர்ந்த உணவன்று. நம் முன்னோர் உண்ட புழுங்கலரிசி தீட்டிய பச்சையரிசியினுஞ் சிறந்தது. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள பீ1 என்னும் உயிர்ச்சத்து அரிசியினுட் செறிகின்றது. அரிசிப் புரதத்திற் குறைவதை உழுந்தும் பயறும் நிறைக்கும். பருப்புவகையிற் குறைவதை அரிசி நிறைக்கும். ஆகவே இட்டலியும் தோசையும், பயறு சேர்ந்த பிட்டும் நாவுக்கு மட்டுமன்றி உடலுக்கும் பொருந்தும் சேர்க்கைகள். வேலியில் நிற்கும் முருங்கையின் இலை கண்ணுக்கும் எலும்புக்கும் நல்லது. குரக்கனும் எள்ளும் அவ்வாறே எளிதிற் கிடைப்பன. மீன் உண்போர்க்கு எலும்போடு உண்ணப்படும் நெத்தலி பெரியதொரு செல்வம்.

கீரையிலும் தானியத்திலுமுள்ள இரும்பு உடலில் எளிதிற் சேர்வதன்று. அதனோடு தேசிக்காய்ப் புளியோ, நெல்லியோ, கொய்யாவோ சேருமாயின் அவற்றிலுள்ள உயிர்ச்சத்து சீ இரும்பை ஏற்க உதவும். மாறாக, உணவோடு அருந்தும் தேநீர் அதனைத் தடுக்கும். காலையில் வெறுந் தேநீரும் பாணுமாக உண்டு வருதல் இந்நாட்டில் வழக்கமாகிவிட்டது. அத்தேநீரை ஒரு மணி நேரம் பிந்தி அருந்தினாலே பயனுண்டு. செலவின்றிச் செய்யத்தக்க சீர்திருத்தம் இதனினும் வேறில்லை.

வசதியுள்ள வீடுகளிலும் குறை இல்லாமலில்லை. புலமைப்பரிசிற் பரீட்சைக்கும் சாதாரணதரப் பரீட்சைக்குமாக விடியற்காலையிலேயே தனியார் வகுப்புக்குச் செல்லும் பிள்ளைகள், அடுப்பு மூட்டுமுன் வீட்டைவிட்டுப் புறப்படுகின்றனர். இடைவேளையில் மாவுப் பலகாரமும் இனிப்புப் பானமும் அவர்களது முதல் உணவாகின்றன. அறிவைப் பெருக்குதற்கென மேற்கொண்ட முயற்சியே அறிவுக்கு வேண்டும் உணவைக் கெடுக்கின்றது.

நம் கடமை

இவை உண்மையாயின், விழா ஆண்டிற் பழைய மாணவர் செய்யத்தக்கன யாவை?

முதலாவது, காலைக் கஞ்சி. சிவப்புப் புழுங்கலரிசியும் பயறும் இலைவகையுங் கூட்டிய கஞ்சியைப் பாடத் தொடக்கத்துக்கு முன் வழங்குதல் ஒரு கல்லூரிக்கு அரிய செயலன்று. அது ஓராண்டு ஆரவாரமாக முடியாது, வைப்பிலிட்ட நிதியின் வட்டியால் ஆண்டுதோறும் நடைபெறல் வேண்டும்.

இரண்டாவது, அதனை உண்போர் இவர், உண்ணாதார் இவர் என்று பிரிக்கலாகாது. ஏழைகளுக்கென வரிசை வகுத்தால் மானமுள்ள பிள்ளை பசித்திருப்பானேயன்றி அவ்வரிசையில் நில்லான். வருவோர் யாவருக்கும் ஒரே கலத்திலிருந்து வார்க்கப்படுமாயின் கொடையுந் தோன்றாது, குறையுந் தோன்றாது.

மூன்றாவது, தவணைதோறும் ஒவ்வொரு மாணவனின் உயரமும் நிறையும் அளந்து அவன் புள்ளிகளோடு ஒருங்கே பதியப்படல் வேண்டும். விடுமுறைக்கு முன்னும் பின்னும் அளத்தல் சிறப்பு. ஒருவன் புள்ளி வீழ்ந்தபோது நிறையையும் பார்க்கும் வழக்கம் ஆசிரியருக்கு உண்டாகுமாயின், சோம்பல் எனப்பட்டது பலவிடத்துச் சோகை என்று தெரியவரும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் வைத்தியரும் ஏற்ற காலத்தில் உதவ முடியும்.

நான்காவது, சிற்றுண்டிச்சாலையில் அவித்த கடலை, கௌப்பி, பழவகை, மோர் என்பன முன்னிடம் பெறுதல் வேண்டும். பெற்றோரும் தனியார் வகுப்பு நடாத்துவோரும் உண்ணாத பிள்ளையை விடியலில் இருத்திப் படிப்பித்தலைத் தவிர்த்தல் வேண்டும்.

மண்டபங்கள் எழுக, நூல்நிலையம் பெருகுக. அவற்றுக்குப் பொருளுதவியோரின் பெயர்கள் கல்லிற் பொறிக்கப்படுதலும் முறையே. கஞ்சிக்கு உதவியவர் பெயரைப் பொறிக்கக் கல் இராது. ஆயினும், இன்று வெறுவயிற்றோடு பின்வாங்கில் அமர்ந்திருக்கும் ஒரு சிறுவன், வகுப்புத் தோறும் ஏறி, இக்கல்லூரியின் அடுத்த விழா மலரில் தன் பெயரோடு எழுதுவானாயின், அதுவே அவர்க்குரிய கல்வெட்டாகும். கணக்கில் வராது போன மாணவரைக் கணக்கிற் சேர்ப்பது ஒரு வித்தியாசாலை கொண்டாடத்தக்க மெய்யான விழாவாகும்.